நாலாம் அடுக்கு ஈக்கள்

அத்தியாயம் 5

கேரட் வியாபாரி நிரபராதி என்பதை நான் உறுதி செய்தது, அவருடைய கேரட் கழுவும் குட்டைக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடிதான். ஒளிந்திருந்து கவனிக்கலாம் என்று கரையோரம் குந்தினேன். கரை என்னைத் தாங்கவில்லை.

"துப்பு ஏதாவது கிடைச்சுதா கெல்வின்?" என்று மேலே நின்று கேட்டாள் என் உதவியாளர் தூலா.

"தண்ணி ஜில்லுனு இருக்கு."

"முக்கியமான தகவல். கோர்ட்ல சொல்லிடலாம்."

கடைசியில் அந்த மனுஷனே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். துவட்டிக்கொள்ளத் துண்டும் கொடுத்தார். முதுகு ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு மாதமாக வீட்டோடு இருக்கிறாராம், ஈத் தொழிற்சாலைப் பக்கமே போகவில்லையாம். என்னைத் தூக்கியதில் முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது என்று முனகினார். என்னிடம் இருந்த ஒரே சந்தேக நபரும் அத்தோடு கைவிட்டுப் போனார்.

என் பெயர் கெல்வின் ஷிர்மர். தனியார் துப்பறிவாளன். அதற்கு முன்னால், ஆரஞ்சுத் தோப்புகள் இருக்கும் ரிவர்லாண்டுக்குப் போகிற சாலையில், பழ ஈ உள்ளே நுழையாமல் தடுக்கும் பழச் சோதனைச் சாவடியில் வேலை. வருகிற வண்டியை எல்லாம் நிறுத்தி, பிக்னிக் பெட்டியைத் திறந்து, வாழைப்பழத்தைப் பிடுங்கிக் குப்பையில் போடுவது. குழந்தையின் டயபர் பைக்குள்ளிருந்து ஒரு மாண்டரின் ஆரஞ்சை உருவியதுதான் என் தொழில் வாழ்க்கையின் சிகரம். அந்தக் குழந்தை அழுதது இன்னும் காதில் கேட்கிறது. தூலா அதே சாவடியில் அடுத்த வரிசையில் நின்றவள். நான் வேலையை விட்டபோது, "நீ தனியா போனா பட்டினி கிடப்ப" என்று கூடவே வந்தாள். இப்போது இருவருமாகப் பட்டினி கிடக்கிறோம்.

ஈத் தொழிற்சாலை என்றதும் சிரிக்காதீர்கள். எங்கள் கல்லன் பே ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அதுதான். பழத்தைத் துளைத்து முட்டையிடும் ஈயை ஒழிக்க, அதே ஈயைக் கோடிக்கணக்கில் வளர்த்து, மலடாக்கி, விமானத்தில் ஏற்றி ஆரஞ்சுத் தோப்புகள்மேல் தூவுகிறார்கள். காட்டுப் பெண் ஈ இந்த மலட்டு மாப்பிள்ளையை நம்பிக் கழுத்தை நீட்டினால் முட்டை பொரிக்காது. வம்சம் அதோடு சரி.

மாப்பிள்ளை பறந்து போனால்தான் இதெல்லாம் நடக்கும். டாக்டர் ஹர்லீன் சோஹல் வளர்த்த மாப்பிள்ளைகள் இரண்டு மாதமாக நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஹர்லீன்தான் எங்களைக் கூப்பிட்டவள். புழுக்களுக்குக் காலங்காலமாகக் கேரட் களிதான் சாப்பாடு; அந்தக் கேரட்டை விற்றவர்தான் நேற்றைய குட்டைக்காரர். கழிவு மலைபோல் குவியும், நாற்றம் ஊரைத் தூக்கும். அதற்குப் பதிலாக அவள் ஒரு கூழ் செய்தாள். கடற்பாசி, சர்க்கரை, ஈஸ்ட் தூள், கோதுமை முளை எண்ணெய், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து. ஆறு வருஷ உழைப்பு. பழைய தகர ஷெட்டில் சோதித்தபோது ஈக்கள் ராக்கெட் மாதிரி கிளம்பின. புதுக் கட்டடத்துக்கு வந்ததும் படுத்துவிட்டன. வரிசையாக நிற்கும் எட்டு இரும்பு அடுக்குகளில் ஏழு அடுக்கு ஈக்கள் சோம்பேறிகள். நாலாம் அடுக்கு மட்டும் பழையபடி பறந்தது.

"யாரோ மத்த ஏழு அடுக்கையும் கெடுக்கறாங்க," என்று முதல் நாளே சொன்னாள் ஹர்லீன். "வெள்ளிக்கிழமை மத்தியானம் தோப்புக்காரங்க கமிட்டி வருது. கூழை நிறுத்திட்டு மறுபடி கேரட்டுன்னு எங்க தலைவர் வார்விக் தீர்மானம் வெச்சிருக்கார். கூழ் போச்சுன்னா நானும் போக வேண்டியதுதான். அதுக்குள்ள ஆளைப் பிடிச்சுக் குடுங்க."

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. என் பாண்ட் இன்னும் காயவில்லை.

*

ஜூலைதான் எங்கள் பக்கம் குளிர்காலம். கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே வார்விக் ட்ரெகென்ஸா நின்றிருந்தார். தொழிற்சாலைத் தலைவர். சுத்தத்தைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பது போன்ற நடை. சுவரெல்லாம் அவர் எழுதி ஒட்டிய விதிகள். உள்ளே போகுமுன் குளி. உடையை மாற்று. தொப்பி போடு. சாப்பிடும் பொருள் எதையும் வளர்ப்பறைக்குள் கொண்டு போகாதே, போனால் வேலை இல்லை.

"ஒருத்தர் மட்டும் உள்ள போகலாம்," என்றார்.

"நீ போ," என்றாள் தூலா. "நேத்தே பாதி குளிச்சாச்சு, மீதியையும் முடிச்சுடு."

குளித்து, வெள்ளை அங்கியும் தலைக்கு வலைத் தொப்பியும் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடிய சமையல்காரன் மாதிரி இருந்தது. உள்ளே ஹர்லீன் காத்திருந்தாள். வெளியே எலும்பு நடுங்கும் குளிர், வளர்ப்பறைக்குள்ளோ அடைகாக்கும் கோழியின் வயிற்றுக்கடியில் புகுந்த மாதிரி கதகதப்பு. தரையிலிருந்து கூரை வரை எட்டு அடுக்குகள், ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள், தட்டுகளில் கூழ், கூழில் புழு.

நான் யோசித்தேன். எனக்கு யோசிக்கத் தெரியும், பலன்தான் வருவதில்லை. ஏழு அடுக்கைக் கெடுக்கிறவன் ஒன்றை மட்டும் ஏன் விட்டுவைக்கிறான்? அங்கே அவனுடைய பொருள் ஏதோ இருக்கிறது. மாட்டை அறுக்கிறவன்கூடத் தன் தொழுவத்தில் அறுக்க மாட்டான்.

"ஏணி இருக்கா?" என்றேன்.

நாலாம் அடுக்கின் உச்சித் தட்டுக்குப் பின்னால் கையை விட்டேன். டயபர் பைக்குள் கைவிட்ட அதே உணர்ச்சி. ஒரு கண்ணாடி ஜாடி கிடைத்தது. வாயில் துணி, துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட். உள்ளே சாம்பல் வெள்ளையில் ஏதோ பசை, கொப்புளம் கொப்புளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜாடியின் கழுத்தில் பொங்கி வழிந்த தடம்.

"விஷம்!" என்று கத்தினேன்.

அடுத்து நடந்ததற்கு மூளை பொறுப்பில்லை, கைதான் பொறுப்பு. சாவடியில் அத்தனை வருஷம் பழகிய கை. பிடி, திற, அழி. அறை மூலையில் கிருமிநாசினி வாளி இருந்தது. ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, துணியையும் உள்ளே அமுக்கி, ஒரு கலக்குக் கலக்கினேன்.

"ஐயோ, அது சாட்சியம் இல்லையா?" என்றாள் ஹர்லீன்.

எனக்கும் அப்போதுதான் அது தோன்றியது.

கதவருகே வந்து நின்ற வார்விக்கின் முகம் வெளுத்திருந்தது. வாளியையே பார்த்தார். பிறகு சட்டென்று, "அந்நியப் பொருள்! நாலாம் அடுக்குத் தட்டு அத்தனையும் இப்பவே ஆவியில போடுங்க! எல்லாத்தையும் கொதிக்க வைங்க!" என்று உத்தரவு போட்டார். நானும், "ஆமா, ஆமா, உடனே!" என்று ஒத்து ஊதினேன். குற்றம் நடந்த இடத்தைக் கொதிக்க வைத்த முதல் துப்பறிவாளன் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்து தூலாவிடம் மார்தட்டிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"புளிச்ச வாசனை. விஷம் புளிக்குமா கெல்வின்?"

"நவீன விஷமா இருக்கும்."

"மத்த ஏழு அடுக்கைக் கெடுக்கிறவன் விஷத்தைக் கொண்டுபோய் நல்லா இருக்கிற அடுக்குலயா வெப்பான்?"

"ஒளிச்சு வெக்க."

"ம்," என்றாள். அவள் 'ம்' சொன்னால் நான் எங்கோ சறுக்கியிருக்கிறேன் என்று அர்த்தம்.

*

பத்து மணிக்கு டீ. வெள்ளிக்கிழமை என்றால் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஹர்லீன் கொண்டுவந்த பின்னி என்ற பஞ்சாபி இனிப்பு உருண்டையைத் தொடக்கூட அவளுக்கு மனசில்லை. அவள் பார்வை சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. வார்விக் வழக்கம்போல் ரொட்டி கொண்டுவந்திருந்தார். மொறுமொறுவென்ற மேல்தோல், உள்ளே பஞ்சு. "ரோவீனா கைவண்ணம்" என்றார். ரோவீனா அவர் மனைவி. நான் வெண்ணெய் தடவி மூன்று துண்டு தின்றேன். துப்பறிவது பசியைக் கிளப்பும்.

தூலா தின்னவில்லை. ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள், என் கையை இழுத்து முகர்ந்தாள், மறுபடி ரொட்டியை முகர்ந்தாள். பிறகு ஹர்லீன் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஊதா டார்ச் எங்க?"

ஈக்களை அனுப்புமுன் அவற்றின் கூடுகள்மேல் ஒரு சாயத்தூள் தூவுவார்கள். தோப்பில் பொறி வைத்து ஈயைப் பிடித்தால், ஊதா வெளிச்சத்தில் ரோஜா நிறத்தில் மின்னுவது நம் மாப்பிள்ளை, மின்னாதது காட்டான். அந்தத் தூள் கட்டடத்துக்குள் பறக்காத இடமில்லை, ஒட்டாத பொருளில்லை.

தூலா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டார்ச்சை அடித்தாள். எங்கள் எல்லார் கையும் மின்னியது. என் காது மின்னியது. என் மூக்கு நுனி மின்னியது.

"எல்லாருமே குற்றவாளி!" என்றேன்.

"நீ சும்மா இரு." டார்ச்சை மேஜைக்குத் திருப்பினாள். பின்னி இருட்டு. பிஸ்கெட் இருட்டு. ரொட்டியின் தோலில் ரோஜாப் புள்ளிகள்.

"என் கை பட்டிருக்கும்," என்றார் வார்விக் அவசரமாக.

தூலா கத்தியை எடுத்து ரொட்டியின் நடுவிலிருந்து புதிதாக ஒரு துண்டு அறுத்தாள். உள்ளேயும் மின்னியது. நட்சத்திரம் தெளித்த மாதிரி.

"சுட்ட ரொட்டிக்கு நடுவுல யார் கையும் போகாது," என்றாள். "மாவுலயே தூள் கலந்திருக்கு. மாவு இந்தக் கட்டடத்துக்குள்ள இருந்திருக்கு. உங்க மனைவி என்னிக்கு வளர்ப்பறைக்கு வந்தாங்க வார்விக்?"

நான் துள்ளி எழுந்து, "பிடிபட்டீங்க!" என்று பல்லெல்லாம் தெரியக் கூவினேன்.

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"வாயை மூடு கெல்வின்," என்றாள் தூலா. "உன் பல்லு ரோஜா கலர்ல மின்னுது. இருக்கிற சாட்சியத்தை எல்லாம் நீயே தின்னு தீர்த்திருக்க."

வார்விக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அது விஷம் இல்ல," என்றார். "புளிச்ச மாவு. ரொட்டிக்கு உறை. வீடு கல்வீடு, ராத்திரி ஐஸ் பெட்டி மாதிரி ஆயிடும். மாவு பொங்கவே பொங்காது. ரோவீனாவோட துணி அலமாரில, வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்துல வெச்சேன். ஒரு நாள் அவ தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வெச்சிருந்த பட்டு கவுன் மேல எல்லாம் வெடிச்சுக் கொட்டிடுச்சு. 'அது இருந்தா நான் இல்ல'ன்னுட்டா. வேற கதகதப்பான இடம் எங்க இருக்கு? இங்கதான். ரொட்டி சுடறது நான்தான். அவ பேரைச் சொல்லிட்டேன்."

"பேரு வெச்சிருக்கீங்களா அதுக்கு?" என்றாள் தூலா.

"...மர்லீன்," என்றார் தரையைப் பார்த்து.

ஹர்லீன் எழுந்தாள். "உணவு கொண்டுவந்தா வேலை இல்லைன்னு சுவர் பூரா எழுதி ஒட்டினது நீங்க. என் டிபன் டப்பாவை வாசல்லயே பிடுங்கி வெச்சது நீங்க. உங்க ஊசிப்போன மாவு என் கூழைக் கெடுத்திருக்கு! ஆறு வருஷம் வார்விக்! எங்கப்பா தோப்பைப் போய்ப் பாக்கக்கூட லீவு போடல நான். உங்களுக்கு ரொட்டிதான் பெருசாப் போச்சா?"

வார்விக் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ போலாகிவிட்டது. வழக்கு முடிந்தது. கில்லாடி கெல்வின் குற்றவாளியைப் பிடித்துவிட்டான். நாலாவது துண்டு ரொட்டிக்குக் கை நீட்டினேன்.

"ஒரு நிமிஷம்," என்றாள் தூலா.

அந்தக் குரலைக் கேட்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ஜாடி இருந்தது நாலாம் அடுக்குல. பொங்கி வழிஞ்சா கீழ இருக்கிற நாலாம் அடுக்குத் தட்டுலதானே சொட்டும்? அந்த அடுக்கு ஈதானே பறக்குது?"

தூலா ஹர்லீன் பக்கம் திரும்பினாள்.

"ஹர்லீன், அந்தப் பழைய தகர ஷெட்டு சுத்தமா இருக்குமா?"

"சுத்தமா? எலி ஓடும். கூரையில பாசி..." ஹர்லீன் பாதியில் நிறுத்தினாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே. காட்டுல புழு அழுகின பழத்தைத் தின்னுது. பழத்தோட அதுல உயிரோட இருக்கிற ஈஸ்ட்டு, நுண்ணுயிர் எல்லாம் வயித்துக்குள்ள போகுது. நான் போடறது செத்த ஈஸ்ட்டுத் தூள். மிச்சம் மீதி உசிரோட இருந்தாலும் மருந்து போட்டுக் கொன்னுடறேன். ஷெட்டுல அழுக்கு தானா வந்து விழுந்திருக்கு. இங்க நாம சுத்தம் பண்ணிப் பண்ணியே..."

"அப்ப மத்த ஏழு அடுக்கையும் யாரும் கெடுக்கலையா?" என்றார் வார்விக்.

"யாரும் கெடுக்கல. நாலாம் அடுக்குக்கு மட்டும் நீங்க ஊட்டி விட்டிருக்கீங்க." அவள் குரல் உயர்ந்தது. "கூழ்ல தப்பே இல்ல! உயிரோட ஒரு சொட்டு சேர்த்தா போதும்! ஜாடி எங்க? அந்த ஜாடி!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

சாவடியில் இருந்த காலத்திலிருந்தே நான் குடித்ததில்லை. அந்த நிமிஷம் குடித்தால் தேவலை என்றிருந்தது.

"வாளியில," என்றேன்.

"தட்டுகள்?"

"ஆவியில," என்றார் வார்விக் மெல்ல. "நான்தான் சொன்னேன். மாட்டிக்கக் கூடாதேன்னு."

"பறந்த ஈக்கள் எல்லாம் நேத்தே ரிவர்லாண்டுக்குப் போயாச்சு." ஹர்லீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரொட்டி வெந்துபோச்சு, அதுல ஒண்ணும் உயிரோட இருக்காது. கமிட்டி வந்தா எதைக் காட்டுவேன்? என் தலைவர் ரகசியமா மாவு புளிக்க வெச்சார், அதை ஒரு துப்பறிவாளர் கொன்னுட்டார், நம்புங்கன்னா?"

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கமிட்டி சீக்கிரமே வந்துவிட்டது.

தூலா என் தோளைத் தட்டினாள். "கெல்வின். ஒரே ஒரு தடவை உருப்படியா ஞாபகப்படுத்திச் சொல்லு. ஜாடி பொங்கி வழிஞ்சிருந்துதுன்னியே, எங்கெல்லாம் வழிஞ்சிருந்துது?"

கண்ணை மூடினேன். ஏணி, உச்சித் தட்டு, ஜாடியின் கழுத்து. அதற்குக் கீழே, அடுக்கின் இரும்புக் கால் நெடுகக் காய்ந்த வெள்ளைக் கோடு ஒன்று. ஏறும்போது என் மூட்டில் உரசி உறுத்தியது.

"தட்டைத்தான் எடுத்துட்டுப் போனாங்க," என்றேன். "அடுக்கை யாரும் கழுவல."

"காஞ்ச மாவு தூங்கும், சாகாது!" என்று கத்திக்கொண்டு முதலில் ஓடியது வார்விக். குளிக்கவில்லை, தொப்பி போடவில்லை. மேஜையிலிருந்த வெண்ணெய்க் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, தெருச் செருப்போடு மூன்று கதவையும் தள்ளிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே ஹர்லீன் ஒரு காலித் தட்டோடு. பின்னாலே நாங்கள்.

கமிட்டித் தலைவி பெவர்லி, ஆரஞ்சுத் தோப்புக்காரி, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றபோது பார்த்தது இதைத்தான். தொழிற்சாலைத் தலைவர் மண்டியிட்டு, அடுக்கின் காலிலிருந்து அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். விஞ்ஞானி கீழே தட்டை ஏந்திக்கொண்டிருக்கிறாள்.

"வார்விக்? என்ன பண்றீங்க?" என்று ஒலிபெருக்கியில் கேட்டாள்.

வார்விக் எழுந்திருக்கவில்லை. அப்படியே திரும்பினார்.

"அழுக்கு சேர்க்கறேன் பெவர்லி. இந்த அறைக்குள்ள நான் திருட்டுத்தனமா மாவு புளிக்க வெச்சேன். அது சொட்டின அடுக்குல மட்டும்தான் ஈ பறந்துது. ஹர்லீனோட கூழ் சரியானது. அதைப் பட்டினி போட்டது என் சுத்தம். கேரட் தீர்மானத்தை வாபஸ் வாங்கறேன். என் வேலையை நீங்க எடுத்துக்கலாம், விதியை எழுதினவன் நான்தான். அவ வேலையை எடுக்காதீங்க."

நான் அந்த மனுஷனைக் குற்றவாளி என்று கத்தியது நினைவு வந்து கூசியது. வாயை மூடிக்கொண்டேன். பல்லில் அந்தச் சாயத்தூள் வேறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெவர்லி ஹர்லீன் கையிலிருந்த தட்டையும் வார்விக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் தோப்புக்குப் பறக்கிற ஈ வேணும்," என்றாள் கடைசியில். "அது சுத்தமா பறக்குதா அழுக்கா பறக்குதாங்கிறது எனக்கெதுக்கு? நிரூபிக்க எவ்வளவு காலம் வேணும் ஹர்லீன்?"

"ஒரு தலைமுறை."

"யார் தலைமுறை? என்னோடதா?"

"ஈயோடது."

"அப்ப எடுத்துக்கோ. வார்விக் கதையை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல சுரண்டி முடிக்கட்டும்."

ஹர்லீன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷத்தையும் சேர்த்து அழுதாள்.

"தள்ளிப் போய் அழும்மா," என்றார் வார்விக், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கண்ணீர் விழுந்தா உப்பு. மர்லீனுக்கு ஆகாது."

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவன் நான்தான். உலகத்தில் மிச்சமிருந்த அந்த ஒரு சிட்டிகை மாவை, தட்டோடு என் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கெல்வின்," என்றாள் தூலா, என் காதருகே, மிக மெதுவாக. "எதுவும் கண்டுபிடிக்காத. அசையாத. சும்மா நில்லு."

நின்றேன். மூச்சுக்கூட விடவில்லை.